தரைக்கு அடியில்

தமிழில் நனைவைக் குறிக்கும் சொற்களுள் இரண்டு எங்களுக்கு மிகவும் விருப்பமானவை. ஒன்று ஈரம். அதற்கு அன்பு என்ற பொருளும் உண்டு என்பதால் அது பெருமையுடைய சொல்லாகிவிட்டது. மற்றொன்று ஓதம். பழைய இலக்கியங்களில் கடல், அலை, வெள்ளம் என்றெல்லாம் பெருமிதத்தோடு உலவிய அச்சொல், இன்று வீடுகளில் ஒரு முறையீடாக மட்டுமே எஞ்சியிருக்கிறது. "தரை ஓதம் அடிக்கிறது", "சுவரில் ஓதம் ஏறுகிறது" என்பதோடு அதன் ஆட்சி முடிந்துவிடுகிறது. இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் இச்சொல்லுக்குப் பொருள் சொல்லி வந்த நாங்கள், அதன் முழுப்பொருளை 2023-ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் எங்கள் வீட்டு அடுக்களைத் தரையிடமிருந்துதான் கற்றுக்கொண்டோம்.

இலக்கியம் பேசும் இடத்தில் சிமெண்டுக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். கான்கிரீட்டுக்குக் 'கற்காரை' என்றும் சிமெண்டுக்குப் 'பைஞ்சுதை' என்றும் நல்ல தமிழ்ச்சொற்கள் உள்ளன. அவற்றைச் சொல்லிக் கடையில் கேட்டால் கடைக்காரர் கைகூப்பி நம்மை அனுப்பிவைப்பார் என்பதால், கொத்தனார்கள் வழங்கும் சொற்களையே இங்கே கையாள்கிறோம். சொல்ல வந்த கருத்து இதுதான்: அடுக்களைக் குழாய்களை இடம் மாற்றுவதற்காகத் தரையை உடைப்பவர்கள், உடைத்த பள்ளத்தை மூடிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடக்கூடாது. தரைக்கு அடியில் இருந்த ஈரத்தடுப்பை முன்பிருந்தபடி இணைத்த பிறகே அந்த வேலை முடிகிறது. இது பாதிக் கருத்து. மீதிப் பாதி, வேலை கெட்டுப்போனால் நாம் யாரைக் குற்றம் சொல்கிறோம் என்பதைப் பற்றியது.

எங்கள் வீடு மயிலாடுதுறைக்குக் கிழக்கே, காவிரிக் கடைமடைப் பகுதியில் இருக்கிறது. களிமண் பூமி. கொல்லைப்புறத்தில் சற்றுத் தள்ளி ஒரு வாய்க்கால் ஓடுகிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஒரு முழம் தோண்டினாலே நீர் ஊறும். இதை நன்றாக அறிந்திருந்த எங்கள் தந்தையார், 1996-ஆம் ஆண்டு இவ்வீட்டைக் கட்டியபோது பேஸ்மட்டத்தில் மணல் நிரப்பி, அதன்மேல் கறுப்புப் பாலிதீன் விரிப்பைப் பரப்பி, அதற்குமேல் கான்கிரீட் போட்டு, சிவப்பு ஆக்சைடு பூச்சு இழைத்திருக்கிறார். 'இருக்கிறார்' என்று கேள்வியாகத்தான் எழுத முடிகிறது. அப்போது நாங்கள் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தோம். அந்த விரிப்பைக் கும்பகோணத்திலிருந்து பேருந்தின் கூரையில் ஏற்றி அவரே கொண்டுவந்தார் என்பதை அம்மா பின்னர் சொல்லித்தான் அறிந்தோம். அவர் மறைந்து பதினோராண்டுகள் ஆகின்றன. கால் நூற்றாண்டுக்கு மேலாக எங்கள் தரை உலர்ந்தே இருந்தது. உலர்ந்த தரைக்கு எவரும் காரணம் தேடுவதில்லை, நாங்களும் தேடவில்லை.

2023 ஆவணியில் பாத்திரம் கழுவும் தொட்டியைக் கிழக்குச் சுவரிலிருந்து வடக்குச் சன்னலோரத்துக்கு மாற்ற முடிவு செய்தோம். பழைய ஜி.ஐ. குழாய் துருவேறி நீர் பழுப்பாக வந்தது, வெளிச்சமும் போதவில்லை. தரையில் ஒன்பதடி நீளத்துக்கு, ஓரடி அகலத்தில் பள்ளம் வெட்டவேண்டியிருந்தது. உள்ளூர்க் கொத்தனார் ஒருவரும் சித்தாளும் வந்தனர். இரண்டாம் நாள் அவர் எங்களை அழைத்துப் பள்ளத்தைக் காட்டினார்.

"சார், அடியில கறுப்பா ஒரு ஷீட்டு ஓடுது. வெட்டுனதுல அறுந்துபோச்சு. புதுசு வாங்கிக் குடுத்தீங்கன்னா சேத்துப் போட்டுடலாம். அப்புறம் ஒரு வாரம் தண்ணி ஊத்தணும், யாரும் மிதிக்கக்கூடாது."

தங்கை மகளின் நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டில் நடக்கப் பத்து நாள்களே இருந்தன. மேசைமேல் திருத்தவேண்டிய விடைத்தாள் கட்டுகள் கிடந்தன. "பழைய பிளாஸ்டிக் எதற்கு? மூடிவிடுங்கள். நாளை மறுநாள் டைல்ஸ் ஒட்டவேண்டும்" என்றோம். அவர் ஒருகணம் நின்றார். பிறகு மூடினார்.

நிச்சயதார்த்தம் சிறப்பாக நடந்தேறியது. வந்தவர்கள் புதிய வழவழப்பான தரையைப் புகழ்ந்தார்கள். கொத்தனாருக்குத் தரவேண்டிய தொகையில் 2,500 ரூபாயைத் தீபாவளிக்குத் தருவதாகச் சொல்லி நிறுத்தி வைத்தோம்.

தீபாவளிக்கு முன்பே மழை வந்துவிட்டது. ஒரு வாரத்தில் டைல்ஸ் இணைப்புகளில் கருமை படர்ந்தது. பிறகு வெள்ளையாக உப்புப் பூத்தது. ஓரத்தில் வைத்திருந்த அரிசி மூட்டையின் அடிப்பகுதி பூசணம் பிடித்துக் கட்டியாயிற்று. தரையில் அரிவாள்மணையோடு உட்கார்ந்து காய் நறுக்குவது அம்மாவின் எழுபதாண்டு வழக்கம். "காலில் சில்லென்று ஏறுகிறதடா" என்று சொல்லி அவர் முக்காலிக்கு மாறினார். அதைவிட வியப்பு, ஈரம் அடுக்களை முழுவதும் பரவவில்லை என்பது. கிழக்குச் சுவரிலிருந்து வடக்குச் சன்னல்வரை, குழாய் சென்ற வழியை மட்டும் அது கோடு போட்டுக் காட்டியது.

கோட்டைப் பார்த்ததும் நாங்கள் தீர்ப்பு எழுதிவிட்டோம். குழாய் ஒழுகுகிறது, கொத்தனார் ஏமாற்றிவிட்டார். தொலைபேசியில் அழைத்து, எழுதும் தமிழில் ஒருபோதும் பயன்படுத்தாத சொற்களைப் பயன்படுத்தினோம். மீதிப் பணம் கிடையாது என்றும் சொன்னோம். "பைப்புல தப்பு இருக்காது சார். கீழேருந்து வருது" என்றார் அவர். நாங்கள் கேட்கவில்லை. "சரிங்க சார்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஓய்வுபெற்ற பொறியாளரான நண்பர் ஒருவர் வந்து பார்த்தார். அவர் செய்த சோதனைகளை இங்கே பதிவு செய்வது பலருக்கும் பயன்படும். முதலில் இரவு மாடித் தொட்டியிலிருந்து அடுக்களைக்கு வரும் குழாயை மட்டும் திறந்து, மற்ற வால்வுகளையும் மோட்டாரையும் நிறுத்தி, அடுக்களைக் குழாய்களையும் மூடித் தொட்டியின் நீர்மட்டத்தில் ஒரு கோடு கிழித்தார். காலையில் நீர் அதே கோட்டில் நின்றது. ஆகவே நல்ல தண்ணீர்க் குழாயில் ஒழுக்கு இல்லை. அடுத்து, கழிவுநீர்க் குழாயின் வெளி முனையை அடைத்து, தொட்டிவரை நீர் நிரப்பி வைத்தார். அதுவும் குறையவில்லை. மூன்றாவதாக ஒரு டைல்ஸைப் பெயர்த்தெடுத்து, வெளிப்பட்ட கான்கிரீட்டின்மேல் ஒன்றரையடிச் சதுரமான பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டினார். பதினாறு மணி நேரம் கழித்துப் பார்த்தால் தாளின் அடிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. தாளின் மேற்பக்கம் நனைந்திருந்தால் அது காற்றிலிருந்து படிந்த நீர். அடிப்பக்கம் நனைந்திருந்தால் தரையிலிருந்து ஏறும் நீர். கொத்தனார் பள்ளத்தைப் பார்த்தே சொன்னதைக் கண்டறிய எங்களுக்கு மூன்று சோதனைகள் தேவைப்பட்டன.

கான்கிரீட் கெட்டியானது, அதில் நீர் ஏறாது என்று பலர் நம்புகிறார்கள். நாங்களும் நம்பியிருந்தோம். உண்மையில் அதனுள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சி மேலேற்றுவதுபோல அத்துளைகள் மண்ணின் நீரை மேலே இழுக்கின்றன. துளை எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு உயரத்துக்கு நீரை ஏற்றும் ஆற்றல் அதற்கு உண்டு. ஏறும் நீர் மண்ணிலும் மணலிலும் உள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. மேற்பரப்பில் நீர் ஆவியாகிவிட, உப்பு மட்டும் வெள்ளையாகத் தங்குகிறது. அவ்வுப்புகளில் சில காற்றின் ஈரத்தையும் ஈர்ப்பவை. கடற்கரையை ஒட்டிய ஊர்களில் உப்பு மணலைப் போட்டுத் தரை நிரப்பிய வீடுகள் கோடையிலும் கசகசப்பதற்கு இது ஒரு காரணம்.

இந்த ஏற்றத்தைத் தடுக்கத்தான் சுவருக்குக் குறுக்கே பேஸ்மட்ட உயரத்தில் ஒரு தடுப்பும், தரைக்குக் கீழே ஒரு விரிப்பும் வைக்கிறார்கள். 1933-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் தற்செயலாகப் பிறந்த பாலிதீன், இவ்வேலைக்கு மிகவும் ஏற்ற பொருளாக அமைந்துவிட்டது. மட்கிப்போகாது என்று நாம் அதன்மேல் சுமத்தும் குற்றமே தரைக்கு அடியில் அதன் நற்குணம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அது எங்கும் அறுபடாமல் இருக்கவேண்டும். அறையெங்கும் விரிப்பு முழுமையாக இருந்து ஓரடி அகலத்தில் மட்டும் அறுந்திருந்தால், அந்த ஓரடியில் நீர் தாராளமாக மேலேறும். எங்கள் தரையில் ஈரம் கோடு போட்டுக் காட்டியதன் காரணம் அதுதான்.

"அந்தப் பிள்ளை ஷீட்டு வேணும்னு கேட்டப்ப, மூடச் சொன்னது நீதானே?" என்று அம்மா கேட்டார். நண்பர் முன்னிலையில்தான் கேட்டார். அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை.

மறுநாள் கொத்தனாரின் வீட்டுக்குச் சென்று 2,500 ரூபாயைக் கொடுத்தோம். தவறு எங்களுடையது என்றும் சொன்னோம். சொல்வதற்குக் கடினமாகத்தான் இருந்தது. அவர் பணத்தை எண்ணி மனைவியிடம் கொடுத்துவிட்டு, "மழை ஓயட்டும் சார், தையில வந்து பிரிச்சுப் போட்டுத் தரேன். இந்தத் தடவை நான் சொல்றத்துக்கு மேல நாள் கேக்கக்கூடாது" என்றார். ஒப்புக்கொண்டோம். அந்தத் தீபாவளிக்கு அவர் வீட்டில் இந்தப் பணம் எதற்காக வைக்கப்பட்டிருந்ததோ, அது நடவாமல் போயிருக்கும். அதைக் கேட்கும் துணிவு எங்களுக்கு இருக்கவில்லை.

2024 தையில் வேலை தொடங்கியது. அதை அருகில் உட்கார்ந்து பார்த்தோம், வரிசையாக எழுதுகிறோம்.

முதலில் பழைய பள்ளத்தின் இருபுறமும் ஆறங்குலம் அளவுக்குக் கான்கிரீட்டை மட்டும் உடைத்து, அடியிலிருந்த பழைய விரிப்பின் விளிம்பை வெளிக்கொணர்ந்தார். இதற்கு வெட்டும் இயந்திரத்தைத் தொடவில்லை; உளியும் சுத்தியலும்தான். இயந்திரம் கான்கிரீட்டோடு விரிப்பையும் அறுத்துவிடும் என்றார். ஈரமான மணலை அள்ளிவிட்டு, புதிய மணலை அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் நீர் தெளித்து இடித்துக் கெட்டித்தார். ஒரே தடவையில் கொட்டி மூடினால் பின்னாளில் மணல் அமுங்கி, தரை இறங்கி விரிசல் விடும். கூரிய கல் எதுவும் விரிப்பைக் குத்தாதபடி மேலே சலித்த மணலைப் பரப்பினார்.

பிறகு 250 மைக்ரான் கனமுள்ள புதிய விரிப்பு. 'ஆயிரம் கேஜ்' என்று கேட்டாலும் அதே கனந்தான். பழைய விரிப்பின் விளிம்பைத் துடைத்து உலரவிட்டு, புதியது அதன்மேல் ஆறங்குலம் ஏறிப் படியுமாறு வைத்து, இருபக்கமும் ஒட்டும் நாடாவால் இணைத்தார். ஒன்றன் முடிவின்மேல் மற்றொன்றின் தொடக்கம் அமர்வதைப் பார்த்தபோது எங்களுக்கு அந்தாதி நினைவுக்கு வந்தது, தொழிற்பழக்கம், பொறுத்துக்கொள்க. ஓரிடத்தில் பழைய விரிப்பு இரண்டங்குலமே எஞ்சியிருந்தது. அங்கே கான்கிரீட்டின் வெட்டுமுகத்திலும் விளிம்பிலும் தார்க் குழம்பை இரண்டு கை பூசி, முதற்பூச்சு காய்ந்தபின் குறுக்குவாட்டில் இரண்டாவதைப் பூசினார். சுவரோரத்தில் விரிப்பை மடித்து மேலேற்றி, சுவரின் ஈரத்தடுப்போடு சேரும்படி விட்டார். குழாய் தரையைத் துளைத்து மேலே வரும் இரண்டு இடங்களில், விரிப்பில் குழாயைவிடச் சிறிய துளையிட்டு இறுக்கமாக நுழைத்து, சுற்றிலும் நாடாவால் கழுத்துப்பட்டைபோல் கட்டினார். பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம் இதுதான் என்றார்.

மூடுவதற்குமுன் குழாய்களில் நீரை நிரப்பி ஓரிரவு வைத்தோம். அதன்பிறகே கான்கிரீட். ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு என்ற கணக்கில் சிமெண்டு, மணல், முக்கால் அங்குல ஜல்லி, நான்கங்குலக் கனம். பழைய கான்கிரீட்டின் ஓரங்களைக் கழுவி நனைத்து, சிமெண்டுப் பால் தடவிய பிறகே புதியதைக் கொட்டினார். மட்டக்கோலால் இழுத்து, மணியாசுக் கட்டையால் தேய்த்து, ஈரச்சாக்கு போட்டு மூடினார்.

பத்து நாள் தண்ணீர் தெளித்தோம். சாதாரண போர்ட்லண்டு சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள். சாம்பல் முதலியன கலந்த சிமெண்டுக்கும் வறண்ட வெப்பக் காலத்துக்கும் 10 நாள் என்று ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தரநிலை கூறுகிறது. கடைகளில் இன்று கிடைப்பவற்றுள் பெரும்பங்கு கலப்புச் சிமெண்டு என்பதை நினைவில் கொள்ளவேண்டும். 'காய்வதற்கு' விடுவது என்று நாம் சொல்வது பொருட்பிழை. கான்கிரீட் காய்வதால் இறுகுவதில்லை. நீரோடு சேர்ந்து வினைபுரிவதால் இறுகுகிறது. காய்வது அதற்குப் பிந்திய வேலை. ஓர் அங்குலக் கனம் உலர ஏறக்குறைய ஒரு மாதம் என்பது வழக்கில் உள்ள கணக்கு. வினைல் விரிப்போ மரத்தளமோ போட எண்ணுபவர்கள் அதுவரை பொறுத்தே ஆகவேண்டும். நாங்கள் வைகாசிவரை அந்த இடத்தை வெற்றுத் தரையாகவே விட்டு, பிளாஸ்டிக் தாள் சோதனையை மறுபடி செய்து, தாள் உலர்ந்திருப்பதைக் கண்ட பிறகே மேல்வேலையைச் செய்தோம். வேலை நடந்த நாள்களில் சமையல் கூடத்தில் ஒற்றை அடுப்பில் நடந்தது. எவருக்கும் எந்தக் குறையும் நேர்ந்துவிடவில்லை.

இனி எங்கள் கருத்து.

தரையில் ஓதம் கண்டவுடன் மேலே பூசும் ஒரு பூச்சை வாங்கித் தடவி மறைப்பது இன்று பெருவழக்காகிவிட்டது. கீழிருந்து ஏறும் நீருக்கு மேலே மட்டும் மூடி போட்டால், அது சுவரின் பக்கம் வழி தேடும். அல்லது பூச்சையே உரித்துத் தள்ளும். பழைய வீடுகளில் இந்த விரிப்பெல்லாம் இருந்ததா என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். அவ்வீடுகளின் தரை உயரத் தூக்கிக் கட்டப்பட்டது. சுண்ணாம்புச் சாந்தும் செங்கல்லும் ஏறிய ஈரத்தை மெல்ல வெளியே விட்டன. அத்தகைய தரையை உடைத்து, சிமெண்டு போட்டு, மூச்சுவிடாத டைல்ஸை ஒட்டிவிட்டுப் பழமையைத் துணைக்கழைப்பது பொருந்தாது.

ஆனால் இவை தொழில்நுட்பம். எங்களை உறுத்துவது வேறொன்று. கண்ணுக்குத் தெரியும் வேலைக்கே நாம் கூலி கொடுக்கிறோம். சதுரடிக் கணக்கில் டைல்ஸுக்குப் பேரம் பேசுகிறோம். விரிப்பை இணைக்க அரைநாள், மணலை இடிக்க அரைநாள், ஒன்றும் செய்யாமல் தண்ணீர் தெளித்துக் காத்திருக்கப் பத்து நாள் என்று ஒரு தொழிலாளி கேட்டால், அவர் நாளை ஓட்டுகிறார் என்று ஐயுறுகிறோம். அவரது அறிவுரையை வெட்டி எறிந்துவிட்டு, அதன் விளைவை மட்டும் அவர் கணக்கில் எழுதுகிறோம். அந்த விரிப்பின் விலை ஒருநாள் சித்தாள் கூலியைவிடக் குறைவு. அதை வாங்கித்தர மறுத்த நாங்கள், அவருடைய ஐந்து நாள் உழைப்பின் மீதியை நிறுத்தி வைத்தோம். நடந்த இரண்டில் எது மோசடி?

ஆகவே அன்பர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். பள்ளத்தை மூடுமுன் ஒரு புகைப்படம் எடுத்து, குழாய் செல்லும் வழியையும் விரிப்பு இணைந்த இடத்தையும் அளவுகளோடு வரைந்து, வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். அடுத்து உடைக்கப்போகிறவர் உங்கள் பிள்ளையாக இருக்கலாம். அடியில் நடக்கும் வேலைக்குத் தனியாகக் கூலியும் நாளும் பேசுங்கள். கொத்தனார் உங்களைப் பள்ளத்தருகே அழைத்தால், கையிலுள்ள தாள்களை வைத்துவிட்டுச் சென்று பாருங்கள்.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதை ஒட்டிய நாள்களில் எங்கள் வாய்க்காலும் நிரம்பி, கொல்லையில் நீர் நின்றது. அடுக்களையில் அரிசி மூட்டையை நகர்த்திப் பார்த்தோம், அடி உலர்ந்திருந்தது. கொத்தனாரை அழைத்துச் சொன்னோம். "அம்மா தரையில உக்காறாங்களா சார்?" என்று கேட்டார். உட்காருகிறார் என்றோம். அவர் பக்கத்தில் அரிவாள்மணையும் ஒரு முறம் கொத்தவரங்காயும் இருந்தன.